பலகையில் படம் ஏறும் விதம்

மரவெட்டு அச்சில் ஓவியர் வரைந்த படம் நேராகத் தாளுக்குப் போவதில்லை. முதலில் அது ஒரு மரப்பலகையின் மேல் ஏற வேண்டும். பிறகு கோடு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் உளி குடைந்தெடுக்கும். எஞ்சி நிற்கும் மேட்டில் மை தடவி, தாளை வைத்துத் தேய்த்து எடுத்தால் அச்சுப்படம். செதுக்கும் கைத்திறனைப் பற்றியும் மை பூசும் நுணுக்கத்தைப் பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். இரண்டுக்கும் முந்திய வேலையான படம் ஏற்றுதலுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது. செதுக்குபவர் பார்த்துச் செதுக்குவதோ பலகையில் ஏறிய படத்தைத்தான். ஏற்றும்போது நூலிழை பிசகினாலும் அந்தப் பிசகை உளி மரத்தில் நிலைநிறுத்திவிடும். மரத்தில் செதுக்கியதை அழித்து எழுத முடியாது.

இதில் முதல் சிக்கல் இடவலம் மாறுவது. பலகையும் தாளும் முகத்தோடு முகம் ஒட்டிப் பிரிகின்றன. அதனால் பலகையில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். அலுவலக மேசையில் கிடக்கும் ரப்பர் முத்திரையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ‘ட’ என்ற எழுத்துக்கு நிற்கும் கோடு இடப்பக்கம், படுத்த கோடு வலப்பக்கம் நீளும். பலகையில் அது வலப்பக்கம் நின்று இடப்பக்கம் நீள வேண்டும். ‘ப’ போல இரு பக்கமும் ஒத்த எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. படத்திலும் அப்படித்தான். ஒரு பூவோ மலையோ திரும்பிப்போனால் யாரும் கவனிப்பதில்லை. எழுத்தும், வலக்கையில் வாள் பிடித்த வீரனும், எல்லோரும் அறிந்த ஊர்க்காட்சியும் திரும்பினால் உடனே தெரிந்துவிடும்.

படம் ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்கு முகம் கவிழ்ந்து மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை திரும்புகிறது. மொத்தத் திருப்பங்கள் இரட்டைப்படையாக இருந்தால் கடைசிப் படம் மூலத்தைப் போலவே இருக்கும். ஒற்றைப்படை என்றால் மாறியிருக்கும். கார்பன் தாளை வைத்து, படத்தை நிமிர்த்தியபடியே பலகையில் வரைந்தால், அங்கே திருப்பம் இல்லை. அச்சிடும்போது ஒன்று. ஆக ஒற்றைப்படை, படம் தவறாக வரும். அதே படத்தைப் பலகையில் குப்புறப் போட்டு ஏற்றினால் அங்கே ஒன்று, அச்சில் ஒன்று. கணக்கு நேராகிவிடும். இனி வரும் முறைகள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏறிய கோடு செதுக்கி முடியும்வரை அழியாமலும் இருக்க வேண்டும். ஒரு பலகையைச் செதுக்க நாட்கணக்கில் ஆகலாம். அத்தனை நாளும் செதுக்குபவரின் உள்ளங்கை பலகை மேல் உரசிக்கொண்டே இருக்கும், வியர்வை படும். சாதாரணப் பென்சில் கோடு இரண்டாம் நாளே மங்கிப்போகும். அதோடு படத்தின் அளவும் மாறக்கூடாது. தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரே பலகையில் முடியும் படத்துக்கு இது பெரிதில்லை. பத்துப் பலகையில் பத்து நிறம் அச்சிடும் படத்துக்கு இதுதான் தலைவலி.

இத்தனை தொல்லையும் வேண்டாமென்றால் பலகையிலேயே வரைந்துவிடலாம். ஐரோப்பாவில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இது வழக்கமாக இருந்தது. இழைத்து வழவழப்பாக்கிய பலகைக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்து, அதன் மேல் பேனாவாலும் மையாலும் இடவலம் மாற்றி வரைவார்கள். இந்த முறையைக் கண்ணால் பார்க்க நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் ஒரு பலகை இருக்கிறது. பீட்டர் புரூகெல் ஏறத்தாழ 1566-இல் வரைந்தது. திருவிழா நாளில் கிராமத்தார் ஆடும் ‘அழுக்கு மணப்பெண்’ என்னும் கூத்துக் காட்சி. ஆப்பிள் மரப்பலகை. அதன் ஒரு பகுதி செதுக்கப்பட்டிருக்கிறது. மீதி இடத்தில் வெள்ளைப் பூச்சின் மேல் புரூகெலின் பேனாக் கோடுகள் அப்படியே நிற்கின்றன. பாதியில் ஏன் நின்றது என்பதைப் பலகை சொல்வதில்லை. புரூகெல் 1569-இல் இறந்தார். அடுத்த ஆண்டு இதே காட்சி செப்புத் தகட்டில் செதுக்கி வெளியானது. மரவேலை முடிந்திருந்தால் இந்தப் பேனாக் கோடுகள் மையும் தேய்மானமும் பட்டு மறைந்திருக்கும். வேலை நின்றதால்தான் அவர் கை ஓடிய விதம் இன்று பார்க்கக் கிடைக்கிறது.

பலகையில் நேரடியாக வரைவதற்கு ஒரு விலை உண்டு. ஓவியர் எல்லாவற்றையும் இடவலம் மாற்றியே யோசிக்க வேண்டும். தப்பாகப் போனால் பூச்சைச் சுரண்டித் திரும்பப் பூச வேண்டும். கிழக்கு ஆசியா இதற்கு வேறு வழி கண்டது. சீனத்திலும் கொரியாவிலும் நூல்களின் பக்கங்களை மெல்லிய தாளில் எழுதி, அதைப் பலகையில் குப்புற ஒட்டி, எழுத்தை மரத்துக்கு மாற்றினார்கள். துன்ஹுவாங் குகையில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் வைர சூத்திரம் என்னும் பௌத்த நூல் 868-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆண்டு குறிக்கப்பட்டு முழுமையாகக் கிடைத்த அச்சு நூல்களில் அதுவே மிகப் பழையது. கொரியாவின் ஹேயின்சா மடத்தில் 13-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய 80,000-க்கும் மேற்பட்ட பலகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அத்தனை எழுத்தையும் ஒருவர் இடவலம் மாற்றி எழுதிப் பழக வேண்டிய தேவையே இல்லாமல் போனது இந்தத் தாள் ஒட்டும் உத்தியால்தான்.

அந்த உத்தியை மிக நுட்பமான இடத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பானின் எடோ காலத்து மரவெட்டுக் கலைஞர்கள். அங்கே ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர் என்று மூன்று கைகள். மூவரையும் வேலை வாங்கும் பதிப்பாளர் நான்காமவர். ஓவியர் மெல்லிய தாளில் தூரிகையால் இறுதிக் கோட்டுப்படம் வரைந்து தருவார். அதற்கு ‘ஹன்ஷிதா’ என்று பெயர். அரிக்கேன் விளக்குப் புகைக்கரி போன்ற கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்துச் செய்த மையில் வரைவார்கள். காய்ந்தபின் அந்த மை தண்ணீரில் எளிதில் கரையாது. அடுத்து வரப்போகும் பசை ஈரத்தைக் கோடு தாங்குவது இந்தக் குணத்தால்.

பலகை மலைச்செர்ரி மரம். நெருக்கமான, சீரான இழை. முடி அளவு கோட்டையும் முறியாமல் தாங்கும் கடினம். இதன் மேல் அரிசிப் பசையை உள்ளங்கையால் மிக மெல்லிதாக, எங்கும் ஒரே கனத்தில் பரப்புவார்கள். பசையைத் தாளில் தடவாமல் மரத்தில் தடவுவதற்குக் காரணம் இருக்கிறது. தாள் தாவர இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையும் ஈரம் குடித்தால் நீளத்தில் அதிகம் வளராது, குறுக்கே பருக்கும். தாளில் பசை தடவினால் அது ஒட்டும் முன்பே நனைந்து விரிந்துவிடும். பசை பூசிய மரத்தின் மேல் உலர்ந்த தாளை இறக்கினால், விரியத் தொடங்கும் முன்பே மரம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

படம் கீழே பார்த்தபடி தாள் இறங்குகிறது. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவி, காற்றை வெளியேற்ற வேண்டும். ஓரிடத்தில் காற்றுக் குமிழ் தங்கினால் அங்கே கோடு மரத்தைத் தொடாமல் மிதக்கும். கத்தி போகும்போது தாள் மேலெழும்பிக் கிழியும். பசை கூடினாலும் இதே கதிதான். குறைந்தாலோ தாள் காய்ந்ததும் உரிந்துகொண்டு வரும். எவ்வளவு பசை என்பதற்கு அளவுகோல் கிடையாது, உள்ளங்கைதான் அளவு.

ஒட்டியாயிற்று. ஆனால் மேலே தெரிவது தாளின் வெள்ளை முதுகு. கோடு அடியில் மங்கலாகக் கிடக்கிறது. இப்போதுதான் இந்த முறையின் மிக அழகான கட்டம் வருகிறது. தாள் அரை ஈரமாக இருக்கும்போதே விரல் நுனியால் மெல்ல உருட்டி உருட்டி, முதுகுப் பக்கத்து இழைகளை அடுக்கு அடுக்காக உரித்தெடுக்கிறார் செதுக்குபவர். சுவரொட்டியைக் கிழிக்கும்போது மேல்தாள் கையோடு வர, பசையோடு ஒட்டிய மெல்லிய அடித்தாள் சுவரிலேயே தங்கிவிடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இங்கும் அதே நிகழ்ச்சிதான். ஆனால் மயிரிழைக் கட்டுப்பாட்டோடு. தாளின் இழைகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஈரம் அந்தப் பிணைப்புகளுக்குள் புகுந்து தளர்த்துகிறது. அடிப்பக்க இழைகளைப் பசை பிடித்துக்கொள்வதால், தளர்ந்த மேல் இழைகள் மட்டும் விரலோடு திரண்டு வருகின்றன. ஈரம் அதிகமானால் அடி இழையும் கோட்டோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். காய்ந்துவிட்டால் ஒன்றும் வராது.

உரித்து முடித்த பலகையில், வெங்காயச் சருகைப் போல ஒரு படலத்துக்குள் கருங்கோடுகள் தெரிகின்றன. அதற்கு மேலும் தெளிவு வேண்டுமென்றால் துளி எண்ணெய் தடவுவார்கள். வடை மடித்த செய்தித்தாளில் எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்க எழுத்து தெரிவது இதே விதிப்படிதான். தாள் வெள்ளையாகத் தெரிவது அதில் வெள்ளை நிறம் இருப்பதால் அல்ல. இழைகளுக்கும் இடையில் உள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண் வெவ்வேறு: காற்றுக்கு 1, தாள் இழைக்கு ஏறத்தாழ 1.5. ஒளி ஒவ்வோர் எல்லையிலும் சிதறிச் சிதறித் திரும்பி வருகிறது. எண்ணெயின் எண் 1.47 அளவில் இருப்பதால், காற்று இருந்த இடத்தை அது நிரப்பியதும் எல்லைகள் ஏறக்குறைய மறைந்து, ஒளி ஊடுருவிப் போகிறது. தண்ணீருக்கு 1.33 என்பதால் அதுவும் சற்றுத் தெளிவு தரும்; ஆனால் காய்ந்ததும் போய்விடும், தாளும் விரியும்.

இப்போது பலகையில் இருப்பது முதுகு வழியாகத் தெரியும் படம். ஆகவே இடவலம் தானாகவே மாறியிருக்கிறது. ஓவியர் நேராக வரைந்தார், செதுக்குபவர் இடவலம் மாறியதாகப் பெற்றுக்கொண்டார். இடையில் யாரும் எதையும் திருப்பி வரையவில்லை. கோட்டின் இரு ஓரத்திலும் கத்தி சாய்ந்து ஓடுகிறது. கோட்டிலிருந்து விலகிச் சாயும்படி வெட்டுவதால், மேலே மெலிந்த கோட்டுக்குக் கீழே அகன்ற அடித்தளம் கிடைக்கிறது. பெண்ணின் நெற்றியோரத்து முடிக் கற்றையை ஓவியர் பல நேரம் வெறுமனே கோடிட்டுத்தான் காட்டியிருப்பார். ஒவ்வொரு முடியாகப் பிரித்துச் செதுக்குவது தலை செதுக்குவதற்கென்றே தேர்ந்த கையின் பொறுப்பு. படம் ஏற்றுவது இப்படி ஓரளவு விடுதலையும் தருவதால், செதுக்குபவர் தன் பழக்கத்தைச் சேர்த்துவிடுவார் என்ற கவலை ஓவியருக்கு இருந்தது. தன் முகங்களின் மூக்கையும் கண்ணின் கீழிமையையும் வேறு ஓவியர் பாணியில் செதுக்கிவிட வேண்டாம் என்று எடோ கால ஓவியர் ஹொகுசாய் பதிப்பாளருக்குக் கடிதத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த முறையில் மூலப்படம் மிஞ்சாது. தாள் மரத்தோடு ஒட்டி, உரிந்து, கத்தியால் துண்டுபட்டு, கடைசியில் கழுவும் நீரோடு போய்விடுகிறது. அதனால் ஹொகுசாயின் அச்சுப்படங்கள் உலகெங்கும் இருக்க, அவற்றின் கோட்டுப்படங்கள் அருமையிலும் அருமை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2020-இல் அவருடைய 103 சிறு கோட்டுப்படங்களை வாங்கியது. எல்லாவற்றையும் பற்றிய ஒரு பெரும் படநூலுக்காக அவர் வரைந்தவை. அந்த நூல் அச்சேறவே இல்லை; அதனால்தான் படங்கள் தப்பின. மழையும் இந்தியத் துறவிகளும் யானையும் நீர்ப்பறவைகளுமாக, தூரிகை அழுத்திய இடமும் எடுத்த இடமும் அந்தத் தாள்களில் துல்லியமாகத் தெரிகின்றன. புரூகெலின் பலகையைப் போலவே இங்கும் வேலை நின்றதுதான் மூலத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

1765 வாக்கில் ஓவியர் சுசுகி ஹருனொபுவின் காலத்தில் முழுவண்ண அச்சு வேரூன்றியபோது, படம் ஏற்றும் வேலை பல மடங்காகப் பெருகியது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிப் பரப்பு வேண்டும். அத்தனையும் கோட்டோடு பொருந்தவும் வேண்டும். ஒட்டிய மூலப்படமோ ஏற்கெனவே போய்விட்டது. இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. முதலில் கோட்டுப்பலகையை மட்டும் செதுக்கி முடிப்பார்கள். அப்போதே ஓரத்தில் இரண்டு அடையாளங்கள்: மூலையில் ‘ட’ வடிவப் பள்ளம் ஒன்று, அடி ஓரத்தில் நேர்க்கோட்டுப் பள்ளம் ஒன்று. இவற்றுக்குக் ‘கென்தோ’ என்று பெயர். அச்சிடும் தாளின் மூலையும் ஓரமும் ஒவ்வொரு முறையும் இந்தப் பள்ளங்களில் உட்காரும். கோட்டுப்பலகையிலிருந்து, கென்தோ அடையாளமும் சேர்ந்து விழும்படி, சில மெல்லிய தாள்களில் கருப்பு அச்சு எடுப்பார்கள். ஓவியர் ஒவ்வொரு தாளிலும் ஒரு நிறத்துக்குரிய இடங்களைக் குறித்துத் தருவார். அந்தத் தாள்கள் ஒவ்வொன்றாக வெவ்வேறு பலகையில் குப்புற ஒட்டப்பட்டு நிறப்பலகைகளாகும்.

திருப்பக் கணக்கு இங்கே அழகாக ஒத்துப்போகிறது. கோட்டுப்பலகையில் திரும்பிய படம், தாளில் நேராகி, அடுத்த பலகையில் குப்புற ஒட்டியதும் மறுபடி திரும்புகிறது. எல்லாப் பலகையும் ஒரே திசை. கென்தோவும் அதே தாளிலிருந்து வருவதால் படத்துக்கும் அடையாளத்துக்கும் உள்ள தூரமும் எல்லாப் பலகையிலும் ஒன்றே. ஆனால் ஈரம் இங்கேதான் சோதிக்கிறது. அச்செடுத்த தாள் ஒன்று அதிகம் நனைந்து, இன்னொன்று குறைவாக நனைந்து ஒட்டப்பட்டால், ஒரு நிறம் மற்றதைவிடச் சற்று அகலமாகிவிடும். உதட்டின் சிவப்பு உதட்டுக் கோட்டைத் தாண்டி நிற்கும். அச்சிடுபவர் கென்தோவை எவ்வளவு சரிசெய்தாலும் இதைத் திருத்த முடியாது; அடையாளம் சரியாக இருக்கும், படமே நீண்டிருக்கும். அதனால் இந்தத் தாள்களை முடிந்த அளவு குறைந்த ஈரத்தில் அச்சிட்டு, ஒரே விதமாக ஒட்டுவது கைவினையின் கட்டாயமாயிற்று.

துணியச்சுக் கட்டைகளில் நிலைமை வேறு. குஜராத்தின் பெத்தாப்பூரில் தேக்குக் கட்டையின் முகத்துக்கு வெள்ளை பூசி, அதன் மேல் கோலத்தைப் படியெடுத்துச் செதுக்குகிறார்கள். பூவும் கொடியும் இருபுறமும் ஒத்த வடிவங்களாக அமைவது அங்கே அதிகம் என்பதால், இடவலக் கவலை பெரிதாக எழுவதில்லை. அடுத்தடுத்துக் குத்தும்போது ஓரம் ஓரத்தோடு சேருமா என்பதே அங்கே கேள்வி.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மரத்தை நெடுக்கே அறுக்காமல் குறுக்கே அறுத்த கட்டைகளில் நுண்கோடு செதுக்கும் முறை ஓங்கியது. ‘ஆலிஸின் அற்புத உலகம்’ நூலுக்கு ஜான் டென்னியல் 42 படங்கள் வரைந்தார். நூல் வெளியானது 1865. தாளில் பென்சிலால் வரைந்து, டிரேசிங் தாளில் கோடு எடுத்து, அதைக் கட்டைக்கு மாற்றி, நுணுக்கங்களைக் கட்டையின் மேலேயே முடித்துக் கொடுத்தார். டால்ஸியல் சகோதரர்களின் பட்டறை அவற்றைச் செதுக்கியது. டென்னியல் கடைசியாகத் தொட்ட கோடுகள் உளியில் போயின. அந்தக் காலத்திலேயே கட்டையின் மேல் ஒளியுணர் பூச்சு பூசி, படத்தைப் புகைப்படமாக விழச்செய்யும் முறை பரவத் தொடங்கியது. பூச்சு மிக மெல்லிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உளி முனையில் செதில் செதிலாகப் பெயரும். இந்தச் சிக்கல் தீர்ந்தபின் மூலப்படம் தாளிலேயே பத்திரமாக இருந்தது. பெரிய படத்தைக் கட்டைக்கேற்பச் சுருக்கவும் முடிந்தது. செதுக்கியதை மூலத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட முதன்முதலாக வழி பிறந்தது.

இன்று வீட்டிலோ கல்லூரிப் பட்டறையிலோ மரவெட்டு பழகுபவர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார். மென்மையான பென்சிலால் டிரேசிங் தாளில் வரைந்து, குப்புறப் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்ப்பது ஒன்று. பென்சிலின் கிராஃபைட் அடுக்கடுக்கான கரி. அடுக்குகளுக்கிடையே பிடிப்பு மிகக் குறைவு என்பதால் அழுத்தியதும் மேலடுக்கு வழுக்கி மரத்தில் ஒட்டுகிறது. திருப்பமும் தானாக நடந்துவிடும். கோடு நிற்க வேண்டுமென்றால் அதன் மேல் நீர் கரைக்காத மையால் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது. இரண்டாவது கார்பன் தாள். இதில் டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டுக் கோட்டின் மேல் வரைய மறக்கக்கூடாது. மறந்தவர்களின் பலகைகள் எந்தப் பட்டறையிலும் ஒன்றிரண்டாவது கிடக்கும்.

மூன்றாவது லேசர் அச்சு. லேசர் பிரிண்டரும் ஜெராக்ஸ் இயந்திரமும் தாளில் படியவைப்பது திரவ மை அல்ல. கரியும் பிளாஸ்டிக்கும் கலந்த பொடி. இயந்திரத்துக்குள் சூடாகி உருகித் தாளில் ஒட்டியது, மறுபடி சூடு கண்டால் மறுபடி இளகும். படத்தைக் குப்புற வைத்து, இஸ்திரிப் பெட்டியை நீராவி இல்லாமல் சூடாக அழுத்தி, சூடு தணிவதற்குள் தாளை ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கினால் கோடு மரத்தில் இருக்கும். சூட்டுக்குப் பதில் அசிட்டோனைப் பஞ்சில் தோய்த்து முதுகில் ஒற்றினாலும் பிளாஸ்டிக் இளகி மாறும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் ஊதுபத்தியும் இல்லாத இடத்தில்தான் இதைச் செய்யலாம். இங்க்ஜெட் அச்சு இதற்கு உதவாது. அதில் இளகும் பிளாஸ்டிக் இல்லை. கணினியில் படத்தை முன்கூட்டியே திருப்பவும் தேவையில்லை. திருப்பினால் திருப்பங்கள் மூன்றாகி, எழுத்தெல்லாம் இடவலம் மாறி அச்சாகும்.

எந்த முறையானாலும் படம் ஏற்றும் முன் பலகைக்கு நீர்த்த செந்நிறமோ சாம்பல் நிறமோ ஒரு பூச்சுக் கொடுப்பது உதவும். உளி பட்ட இடம் மரத்தின் சொந்த வெளிர்நிறத்தில் பளிச்சென்று தெரியும். எது முடிந்தது, எது மிச்சம் என்று கண் தேட வேண்டியதில்லை.

பல நிறம் என்றால் கென்தோ காலத்துத் தாளின் வேலையை இப்போது ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு செய்கிறது. செதுக்கிய கோட்டுப்பலகையில் எண்ணெய் மை உருட்டி, தகட்டில் அச்செடுத்து, மை ஈரமாக இருக்கும்போதே அந்தத் தகட்டை அடுத்த பலகையில் கவிழ்த்துத் தேய்க்கிறார்கள். பலகையிலிருந்து தகட்டுக்கு ஒரு திருப்பம், தகட்டிலிருந்து பலகைக்கு இன்னொன்று. இரண்டாம் பலகை முதலாவதைப் போலவே அமைகிறது. பிளாஸ்டிக் தண்ணீர் குடிப்பதில்லை, விரிவதும் இல்லை. எண்ணெய் மை மெதுவாகக் காய்வதால் ஓரிரு நாள் பலகையைத் தொடாமல் வைத்து, கோடு கையில் ஒட்டாத பதம் வந்தபின் அடுத்த நிறத்துக்கு உளியை எடுக்கிறார்கள்.